ஐந்து நிமிடம் திறந்து வைக்கவும்

நிறமில்லாத நகப்பூச்சு, இரண்டு போத்தல்.
கடைக் காசாளர் என் விரல்களை ஒருதரம் பார்த்தாள்.
பற்றுச்சீட்டு வேண்டும் என்றேன்,
பள்ளிக்கூடக் கணக்கு.

நாளைக்கு இருபத்திநான்கு பிள்ளைகள்,
இருபத்திநான்கு கண்ணாடித் தகடுகள்.
ஐவி இலையைக் கவிழ்த்து அடிவயிற்றில் பூசிவிட்டு
காயும்வரை ஓல்டன் நிலையத்துச்
சரக்கு ரயில்களை எண்ணுகிறேன்.
மூன்று போயின.
நாலாவது, பனிமூட்டத்தில் சத்தம் மட்டும்.
ஒட்டுநாடாவால் உரித்தேன்.
தன் முகத்தை அச்சாகக் கழற்றித் தந்துவிட்டு
ஒன்றும் நடவாததுபோலக் கிடக்கிறது இலை.

அச்சில் எல்லா வாய்களும்
சொல்லவந்த இடத்திலேயே நின்றிருந்தன.

காலையில் நாங்களும் அப்படித்தான் நின்றோம்,
படுக்கையறை யன்னல் பிடியில் இரண்டு கைகள்.
வீட்டு நிர்வாகத்தின் கடிதம் பிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழே:
மூலையில் பூஞ்சணம். நாளுக்கு மூன்று தரம்
ஐந்து நிமிடம் எல்லா யன்னலையும் அகலத் திறக்கவும்.
நளாயினி கடிதத்தின் பக்கம்.
நான் வெப்பச் செலவின் பக்கம்:
போன வருடம் மேலதிகமாய் நானூற்றுப் பத்துப் பிராங்.
'காசை வெளியில விடுறாய்' என்றேன்.
'மூச்சை உள்ளுக்க விடுறன்' என்றாள்.
நவம்பர் உள்ளே வந்து
யார் வெல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றது.

அச்சுகள் போதும். உயிரோடு ஒன்றைப் பார்க்கவேண்டும்.
ஆய்வுகூடத்து வெப்பக் குழாய்க்கு மேலே ஒரு தொட்டிச்செடி,
மேற்புறம் பச்சை, அடிப்புறம் கத்தரிக்காய் ஊதா.
முறித்துச் சாய்த்து இழுக்க
வெங்காயச் சவ்வுபோலக் கொஞ்சம் வந்தது.
நீர்த்துளி. மூடுதகடு. பத்து மடங்கு, பிறகு நாற்பது.

ஊதா, ஊதா, ஊதா,
நடுவில் திடீரென்று ஊதா பிடிக்காத ஒரு சோடி:
இரண்டு பச்சை அவரைவிதைகள்
ஒன்றையொன்று பார்த்து வளைந்திருக்க
இடையில் கறுப்பாய் ஒரு கீறு.

நான் படித்த புத்தகத்தில் இவை காவற்கலங்கள்.
இங்கத்தைய புத்தகத்தில் மூடும் கலங்கள்.
திறப்பதும் இவைதான்.
அதை ஏன் ஒருவரும் பெயரில் வைக்கவில்லை?

நீர் நிறைந்தால் உப்புகின்றன.
உட்சுவர் தடிப்பு, நீளமாட்டேன் என்கிறது,
ஆகவே வளைகிறது. வளைந்த இடம் வாசல்.
காற்று வரும் அதே வழியால்
வேர் பாடுபட்டு ஏற்றிய தண்ணீர் போகிறது.
இலைக்கு இதைச் சொல்லி யாரும் கடிதம் போடவில்லை.

பிறகு ஒரு குறும்பு செய்தேன்.
தகட்டின் ஒரு ஓரம் உப்புநீர், மறு ஓரம் ஒற்றுத்தாள்.
தாள் உறிஞ்ச உறிஞ்ச
உப்பு ஊர்ந்து வருவது தெரிந்தது:
ஊதா நிறம் சுவரைக் கைவிட்டு
ஒவ்வொரு அறையிலும் நடுவுக்குள் ஒடுங்கியது.
கீறுகள் மெலிந்தன. மயிரிழை. பிறகு அதுவும் இல்லை.
பதினேழு திறந்திருந்தன,
நாலு நிமிடத்தில் இரண்டு.
அந்த இரண்டு ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

சாவிக்கொத்தோடு வந்த ஊர்சுலாவிடம் காட்டினேன்.
ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள்.
'பிடிவாதம்' என்றாள்,
ஏழு மணிக்குக் கட்டடம் பூட்டுவதாகவும் சொன்னாள்.
நல்ல தண்ணீர் விட்டேன்.
அவை அவசரப்படவில்லை.
எனக்கு நேரமில்லை. விளக்கை அணைத்தேன்.

ஆரே ஆற்று மரப்பாலத்தில் முன்னால் போனவரின்
முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
எங்கள் கட்டடத்தின் கீழே நின்று எண்ணினேன்:
தெருப்பக்கம் பதினாறு யன்னல்கள்.
ஒன்றுதான் திறந்து,
திரைச்சீலை வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.
நாலாம் மாடி.
போகும் பிராங்குகளைக் காணலாம் என்று பார்த்தேன்.
பொரித்த கத்தரிக்காய் மணம்தான் இறங்கி வந்தது.

மேலே குசினியில் மேலங்கியோடு நின்று கிளறிக்கொண்டிருந்தாள்.
நான் வாய் திறக்குமுன்
'இன்னும் ரெண்டு நிமிசம்' என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.
சப்பாத்தைக் கழற்றினேன்,
கழுத்துச் சால்வையைக் கழற்றவில்லை.
இரண்டு போனது, மூன்றும் போனது.
யன்னலடிக்கு நான் எழுந்து போகவில்லை, அவளும் போகவில்லை.
கோப்பையை வாங்கக் கை நீட்டியபோது
பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்:
'பெருவிரல் நகத்தில என்ன மினுங்குது?'